இ-ஃபைலிங் வந்தாச்சு, இனி குமாஸ்தாவுக்கு என்ன வேலை?

செல்வம்_குமாஸ்தா (செவ்வாய், இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்.

டெல்டா பக்கம் ஒரு முன்சீப் கோர்ட் ஊரில் 26 வருஷமா வக்கீல் குமாஸ்தா. பிராது (வழக்கு மனு) டைப் ஆகி வந்ததும் பக்க எண் போடுவேன். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்குவேன், டாக்கெட் மடித்து எழுதுவேன், ஊசி நூல் போட்டுக் கட்டுத் தைப்பேன். ஃபைலிங் செக்‌ஷனில் கொடுத்து, ரிட்டர்ன் ஆனால் சரிசெய்து மறுபடி போட்டு, வழக்குக்கு நம்பர் ஆனதும் சம்மன் அனுப்புகிற கட்டணமான பேட்டா கட்டுவேன். நகல் மனு, கட்டுப் பார்வை, சம்மன் கொண்டுபோகிற அமீனாவைத் தேடிப் பிடிப்பது, எல்லாம் இந்தக் கைதான். நான் தைத்த கட்டு பிரிந்ததாக ஒரு சிரஸ்தார்கூடச் சொன்னதில்லை.

போன மாசம் சீனியர் கூப்பிட்டு, "செல்வம், இனி எல்லாமே இ-ஃபைலிங். தம்பி வீட்டிலிருந்தே போட்டுடுவான்" என்றார். தம்பி என்றால் அவர் மகன், இப்போதுதான் வக்கீலாக என்ரோல் ஆனவர். சீனியர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு 51 வயசு. கம்ப்யூட்டரில் தமிழ் டைப் தெரியும், அதுக்கு மேலே தெரியாது. இதைக் கற்றுக்கொள்வதா, வேற பிழைப்புப் பார்ப்பதா? கோர்ட் பக்கம் இருக்கிறவங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க.

கோடு_எழுதி_கணேஷ் (செவ்வாய், இரவு 10:15)

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, நேரா சொல்லிடறேன். பேங்க்ல பாஸ்புக் எழுதிட்டு இருந்தவங்க, ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டர்ல வரிசை போட்டவங்க எல்லாருக்கும் நடந்ததுதான் இது. இ-ஃபைலிங் வெறும் முதல் படி. மனு எழுதுறது, தீர்ப்பு தேடுறது, மொழிபெயர்ப்பு, சாட்சியத்தைச் சுருக்கித் தர்றது, இன்னைக்கே ஏஐ எல்லாத்தையும் செய்யுது. உங்க வேலை மட்டும் இல்ல, வக்கீல் வேலையில பாதியும் போகும். சீக்கிரம் கத்துக்கிட்டவங்க பிழைச்சுக்குவாங்க.

வாய்தா_ராமன் (புதன், காலை 6:50)

நான் கட்சிக்காரன். 2009-ல போட்ட பாகப்பிரிவினை வழக்கு, இன்னும் ஓடுது. அதனால எனக்கும் பேச உரிமை இருக்கு.

செல்வம் சாரைச் சொல்லலை. ஆனா நான் பார்த்த குமாஸ்தாக்கள்ல பாதிப்பேர், அடுத்த தேதி சொல்றதுக்கே ஐம்பது ரூபா வாங்குவாங்க. கொடுக்கலைன்னா "கட்டு உள்ளே போயிருக்கு, சாயங்காலம் வாங்க"ன்னு பதில். திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஒரு நாள் கூலியை விட்டுட்டு, ராத்திரி பஸ் ஏறி காலையில கோர்ட்டுக்குப் போய் நின்னா ஜட்ஜ் லீவு. இப்படி எத்தனை தடவைன்னு கணக்கே இல்லை.

இப்ப என் வழக்கோட சிஎன்ஆர் நம்பர் போன்ல இருக்கு. டிஎன்னு ஆரம்பிக்கிற பதினாறு இலக்கம், கடைசி நாலும் வருஷம். என் பொண்ணு பிறந்த தேதி மறந்தாலும் அது மறக்காது. ஆப்ல போட்டா தேதி வந்துடும், யார் கையையும் பார்க்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

குறை இல்லாம இல்லை. தேதி வருமே தவிர, ஏன் வாய்தா போட்டாங்கன்னு வராது. "மேல் நடவடிக்கைக்காக"ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கும். பதினஞ்சு வருஷத்துக்கு மேலா மேல் நடவடிக்கைதான்.

செல்வம்_குமாஸ்தா (புதன், காலை 7:30)

ராமன் ஐயா, நீங்க சொன்னது உண்மை. நானும் வாங்கியிருக்கேன். மறைச்சு என்ன ஆகப்போகுது. சீனியர் கொடுக்கிற சம்பளத்தில் மூணு வேளை சாப்பிட முடியாது, கட்சிக்காரர் கையில் கொடுப்பதுதான் வீட்டுக்குப் போகும். தப்புன்னு தெரிஞ்சும் செஞ்சோம்.

மயூரம்_வக்கீல் (புதன், பகல் 1:20)

செல்வம், முதலில் ஒன்று. பயப்படுவதில் தவறில்லை. இ-ஃபைலிங் கட்டாயம் என்று அறிவித்ததும் கோர்ட்டைப் புறக்கணித்துவிட்டு வெளியே நின்றவர்கள் நாங்கள், வக்கீல்கள். நெட் இல்லை, சர்வர் இல்லை, ஸ்கேனர் இல்லை என்றோம். மாவட்டத் தலைநகர் தாண்டினால் அதெல்லாம் உண்மையும்கூட. ஆனால் எங்களில் பலருக்குப் பயம் வேறு. வயதான சீனியருக்கு ஓடிபி வந்த போன் பேரன் கையில் இருக்கும்.

இது திடீரென்று வந்ததும் அல்ல. கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டம் தொடங்கியது 2007-ல். இரண்டாம் கட்டம் 2015. மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. கணேஷ் தம்பி இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். அதில் பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாக்க ஒதுக்கியது 2,038 கோடி. ஏஐ, பிளாக்செயின் போன்றவற்றுக்கு 53 கோடிச் சொச்சம். அரசாங்கத்துக்கே தெரிகிறது, வேலை எங்கே கிடக்கிறது என்று. ரெக்கார்ட் ரூமில் கரையான் தின்ற கட்டைப் பிரித்து, பக்கம் கிழியாமல் நிமிர்த்தி, எது ஏ-1 ஆவணம், எது பி-3 ஆவணம் என்று அடையாளம் சொல்லி ஸ்கேனருக்குக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பொறியியல் கல்லூரியில் கிடைக்கமாட்டார்.

நல்லது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அமீனா டீக்கடையில் உட்கார்ந்தபடியே "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதி சம்மனைத் திருப்புவது நம் எல்லாருக்கும் தெரியும். என்ஸ்டெப் என்கிற செயலி வந்த இடங்களில் அமீனா போன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எந்த இடத்தில் நின்றார் என்பது ஜிபிஎஸ்-ஸில் பதிவாகும், பூட்டிய வீட்டைப் போட்டோ எடுக்க வேண்டும். டீக்கடைகளுக்கு நஷ்டம்தான்.

இன்னொன்று ஜாமீன். 2021-ல் ஆக்ரா சிறையில் 13 பேருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும் உத்தரவு போய்ச் சேராமல் உள்ளேயே கிடந்தார்கள். அப்போதைய தலைமை நீதிபதி ரமணா, இன்னும் புறா கொண்டுவரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்ற பொருளில் கேட்டார். அதன் பிறகுதான் 2022 மார்ச்சில் ஃபாஸ்டர் என்ற மின்னணு முறை வந்தது, உத்தரவு நேராகச் சிறைக்குப் போகிறது. ஒருவன் ஒரு ராத்திரி கூடுதலாக உள்ளே கிடப்பதைத் தடுக்கிற தொழில்நுட்பத்தை எதிர்க்க எனக்கு வாய் வராது.

ஜூனியர்_கயல் (புதன், இரவு 8:05)

கோவையில் இரண்டு வருஷமாக ஜூனியர். கணேஷ் அண்ணா சொன்ன "தீர்ப்பு தேடுறது" பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். கொஞ்சம் வெட்கமான கதை.

ஒரு செக் ரிட்டர்ன் வழக்கு. செக் திரும்பியதற்கு அனுப்புகிற 138-ஆம் பிரிவு நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கு, அது சரியான சர்வீஸா என்று பாயிண்ட். சீனியர் சாயங்காலம் ஆறு மணிக்கு "நாளைக்குக் காலையில் ரெண்டு தீர்ப்பு வேணும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு ஏஐ சாட்டில் கேட்டேன். அரை நிமிஷத்தில் மூணு தீர்ப்பு. கட்சிப் பெயர், வருஷம், தொகுதி எண், பக்கம், பத்தி எண்கூட. இரண்டாவது தீர்ப்பு நமக்காகவே எழுதினது மாதிரி இருந்தது. மெமோவில் டைப் செய்து ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில்தான் உறுத்தியது. பத்தி எண் 47 என்று போட்டிருந்தது. அவ்வளவு சின்னப் பாயிண்ட்டுக்கு 47 பத்தியில் யார் தீர்ப்பு எழுதப்போகிறார்கள்? இறங்கி, தீர்ப்புகள் தேடுகிற இணையதளமான இந்தியன் கானூனில் தேடினேன், இல்லை. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் 2023 ஜனவரியிலிருந்து எல்லாருக்கும் இலவசம், அதிலும் இல்லை. அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஏதோ ஒரு நில எடுப்பு வழக்கு. சாட்டிடம் திரும்பிப் போய் "இது நிஜமான தீர்ப்பா?" என்று கேட்டேன். "ஆம், உறுதியாக" என்றது. இரண்டாம் தடவை கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு ஒன்றைக் கொடுத்தது. அதுவும் இல்லாத தீர்ப்பு!

ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து நிஜமான தீர்ப்பைத் தேடி எடுத்தேன். அது நமக்குப் பாதிதான் சாதகம். சீனியரிடம் அப்படியே சொன்னேன். "பாதி போதும், மீதியை நான் பேசிக்கிறேன்" என்றார்.

கோடு_எழுதி_கணேஷ் (புதன், இரவு 8:40)

அது பொய் சொல்லலை கயல். அதுக்கு உண்மை, பொய்ன்னு ரெண்டு டப்பா கிடையாது. இந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தை வந்தா பொருந்தும்னு பார்த்துக் கோர்த்துக்கிட்டே போகுது. லட்சக்கணக்கான தீர்ப்பு படிச்சிருக்கிறதால, தீர்ப்பு மாதிரியே கோர்க்கத் தெரியும். நிஜமான தீர்ப்புத் தொகுப்பைப் பக்கத்துல வச்சு, அதுலேருந்து மட்டும் எடுத்துச் சொல்லுன்னு கட்டிப்போட்டா பெருமளவு குறையும். முழுசாப் போகாது. இதை நேத்தே சொல்லியிருக்கணும், ஒத்துக்கறேன்.

மயூரம்_வக்கீல் (வியாழன், காலை 9:10)

கயல் தப்பித்தார். நியூயார்க்கில் தப்பிக்கவில்லை. 2023-ல் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்ஜிபிடி கொடுத்த ஆறு இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்தார்கள். எதிர்த்தரப்பு தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றது. நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். அந்த வக்கீலும் கயல் மாதிரியே "இது நிஜமா?" என்று அதனிடமே கேட்டிருக்கிறார். திருடனிடமே சாவிக்கு ரசீது கேட்பது.

நம் ஊர்க்கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது. அதில் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளைத் தேடினால் காணோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலும் ஒன்று இருந்தது. பிறகு உத்தரவையே திரும்பப் பெற்றார்கள். வக்கீல் தாளில் வந்தால் அபராதத்தோடு போகும். தீர்ப்பிலேயே ஏறிவிட்டால், நாளைக்கு அதை இன்னொருவர் மேற்கோள் காட்டுவார், இல்லாத தீர்ப்புக்கு வம்சம் வளரும். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஏஐ கொள்கை வெளியிட்டு, தீர்ப்பு முடிவு செய்யவோ உத்தரவு போடவோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியது அதனால்தான்.

கயலுக்கு வேறொரு கேள்வி. அந்தச் சாட்டில் கட்சிக்காரர் பெயர், செக் நம்பர் எல்லாம் போட்டீர்களா? கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126, புதியதில் 132. இலவசமாக வரும் பெட்டிக்குள் வக்காலத்தையே ஒட்டுகிற ஜூனியர்களைப் பார்க்கிறேன்.

ஜூனியர்_கயல் (வியாழன், காலை 9:25)

பெயர் போடலை சார். செக் நம்பர் போட்டேன். இனிமேல் இல்லை.

இன்னொன்றும் கேட்கணும். 2024-ல் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊரில் 15,000 என்று பார் கவுன்சில் அறிவித்தது. எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை. இப்போது "மாசம் இரண்டாயிரத்துக்கு ஏஐ சந்தா கிடைக்கும்போது ஜூனியர் எதுக்கு?" என்று ஒரு சேம்பரில் என் தோழி காதுபடவே பேசுகிறார்கள். செல்வம் அண்ணா பயம் 51 வயசில். எங்களுக்கு 25-லேயே.

பேனா_மீனா (வியாழன், மாலை 4:45)

நான் சென்னை தம்பு செட்டித் தெருவில் வக்கீல் ஆபீஸ்களுக்கு மொழிபெயர்ப்பு செய்கிறவள். கீழ்க் கோர்ட்டில் தமிழ், மேலே போனால் எல்லா ஆவணத்துக்கும் இங்கிலீஷ் வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடந்த ஒரு வருஷமாக வருவது மொழிபெயர்ப்பு இல்லை, "மேடம், மெஷின்ல போட்டுட்டோம், சும்மா ஒரு பார்வை பாத்துக் கொடுங்க". கூலி கால்வாசி.

சும்மா ஒரு பார்வை எப்படி என்று சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து 1952-ஆம் வருஷக் கிரயப் பத்திரம். "நன்செய் 3 மா" என்று இருந்தது. மெஷின் மூன்று மாம்பழம் என்று போட்டிருந்தது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அந்த வேலியும் தப்பவில்லை, ஃபென்ஸ் ஆகிவிட்டது. விடுதலைப் பத்திரத்தை சுதந்திரப் போராட்ட ஆவணம் ரேஞ்சுக்குக் கொண்டுபோயிருந்தது, அண்ணன் தம்பி பாத்தியதையை விட்டுக்கொடுத்ததுதான் விஷயம். ஒத்தி என்ற அடமானம், ஒத்திகை என்று நினைத்து ரிகர்சல் ஆகிவிட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம், யார் கண்ணிலும் படும். படாதது வேறு. "ராமசாமி நிலத்துக்குக் கிழக்கு" என்று சக்குபந்தியில், அதாவது நாலு எல்லை விவரத்தில், எழுதுவார்கள். நம் நிலம் ராமசாமி நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது, அதாவது நமக்கு மேற்கெல்லை ராமசாமி. மெஷின் "கிழக்கு: ராமசாமி நிலம்" என்று பட்டியல் போட்டுவிட்டது. நாலு எல்லையும் தலைகீழ். இங்கிலீஷ் சுத்தமாக இருக்கிறது, இலக்கணப் பிழை இல்லை, படிக்கிற நீதிபதிக்கு ஒரு சந்தேகமும் வராது. நிலம் மட்டும் ஊரில் வேறு பக்கம் போயிருக்கும்.

உச்ச நீதிமன்றம் 2019-ல் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. அந்த வருஷம் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடத் தொடங்கியபோது முதல் பட்டியலில் தமிழே இல்லை, இங்கிருந்து குரல் எழும்பிய பிறகு சேர்த்தார்கள். தமிழில் தீர்ப்பு வருவது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் "லீவ் கிராண்டட்" என்றால் மேல்முறையீட்டுக்கு அனுமதி, அதை மெஷின் விடுமுறை கொடுத்தாச்சு என்று மொழிபெயர்த்ததை உச்ச நீதிமன்ற நீதிபதிகளே சொல்லியிருக்கிறார்கள்.

செல்வம் அண்ணே, உங்களுக்கு சக்குபந்தி படிக்கத் தெரியும் இல்லையா?

வாய்தா_ராமன் (வியாழன், மாலை 5:30)

மீனாம்மா, மூணு மாம்பழம்னா எங்க பாகப்பிரிவினை என்னைக்கோ முடிஞ்சிருக்கும். ஆளுக்கு ஒண்ணு.

செல்வம்_குமாஸ்தா (வியாழன், இரவு 9:00)

தெரியும்மா. எங்க பக்கத்துப் பத்திரம் எல்லாமே மா, குழிதான். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பழைய கையெழுத்துக் கூட்டெழுத்தாக இருக்கும், அதையும் படிப்பேன்.

ஜெராக்ஸ்_பாபு (வெள்ளி, காலை 11:15)

கோர்ட் வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். என் பங்குக்கு ஒரு சந்தேகம். வாட்ஸ்அப் சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட வர்றாங்க, கூடவே மின்னணுச் சாட்சியத்துக்கான 63 சர்டிஃபிகேட் ஒண்ணும். அதுல ரெண்டு பாகம் இருக்கு. ஏ-வுல கட்சிக்காரர் கையெழுத்து. பி-ல நிபுணர் கையெழுத்துன்னு இருக்கு. "பாபு, நீதான கம்ப்யூட்டர் வச்சிருக்க, போடு"ங்கறாங்க. ஹாஷ் வேல்யூன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என் கடை ஜிஎஸ்டி நம்பரை எழுதிட்டுப் போன வக்கீலும் உண்டு. போடலாமா?

மயூரம்_வக்கீல் (வெள்ளி, பகல் 2:00)

போடாதீர்கள் பாபு! போட்டால் ஒருநாள் சாட்சிக்கூண்டில் ஏறி, "நீங்கள் எந்த வகையில் நிபுணர்?" என்ற குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பழைய சட்டத்தில் 65பி. 2014-ல் அன்வர் வழக்கிலும் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது, மூலக் கருவியையே கோர்ட்டில் காட்டாதபோது மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு. படிவத்தில் நீங்கள் சொன்ன இரண்டு பாகமும் அதில் வந்ததுதான். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும், அதை வைத்துத்தான் பிறகு யாரும் கைவைக்கவில்லை என்று காட்டுவது. முக்கியமானது, கட்சிக்காரரிடம் "போனை மாற்றாதே, ரீசெட் போடாதே" என்று முதல் நாளே சொல்வது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

செல்வம்_குமாஸ்தா (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:20)

இழையை மறுபடி மேலே கொண்டுவந்ததுக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு.

தம்பி வீட்டிலிருந்தே இரண்டு பிராது போட்டார். இரண்டும் ரிட்டர்ன். ஒன்றில் ஆவணப் பட்டியலில் ஏழு, இணைப்பில் ஆறு. இன்னொன்றில் மதிப்பீட்டுப் பத்தி ஒரு தொகை, கட்டின கோர்ட் ஃபீ ஒரு தொகை. பேப்பரில் கொடுத்தால் செக்‌ஷனிலேயே "செல்வம், இதைப் பாரு" என்று கையில் கொடுத்துவிடுவார்கள், நின்ற இடத்தில் பேனா வைத்துச் சரிசெய்வேன். இதில் குறை என்று ஒரு வரி வருது, திரும்ப முதலிலிருந்து. ஒரு வழக்கில் காலாவதி தேதி நாலு நாளில் இருந்தது. சீனியர் என்னைக் கூப்பிட்டு "கூட உக்காந்து பாரு" என்றார்.

உட்கார்ந்தேன். தம்பி மவுஸ் பிடிக்க, நான் பக்கம் சொல்ல. ஆதார் ஓடிபி போட்டுக் கையெழுத்து என்கிறார்கள், அது மட்டும் எனக்கு இன்னும் மனசு ஒப்பலை. மூணாவது நாள் நம்பர் ஆச்சு. வளாகத்தில் இருக்கிற இ-சேவை மையத்துக்கும் போய்ப் பார்த்தேன். அந்தப் பொண்ணு பொறுமையா சொல்லிக்கொடுத்துச்சு, நோட்டில் எழுதி வைத்திருக்கேன். இப்போ பக்கத்து ஆபீஸ்ல இருந்து ஒருத்தர், போடுறதுக்கு முன்னாடி பட்டியலும் கோர்ட் ஃபீயும் சரிபார்த்துக் கொடுங்க என்று கேட்டிருக்கார். மீனாம்மா அனுப்பின பத்திரம் மூணும் படித்து எல்லை எழுதி அனுப்பிட்டேன். சம்பளம் ஒண்ணும் ஏறலை. இது எத்தனை நாளைக்கு என்பதும் தெரியலை.

ஒரு சந்தேகம். 1936-ஆம் வருஷ மூலப் பத்திரம் ஒன்று இருக்கு. மை பழுத்துப் போச்சு, மடிப்பில் எழுத்து போகுது. போனில் எடுத்தால் என் கட்டைவிரல் நிழல் விழுது. ஸ்கேனரில் எத்தனை டிபிஐ வைக்கணும்?

ஜெராக்ஸ்_பாபு (ஞாயிறு, இரவு 8:35)

முந்நூறு வைங்கண்ணே. மடிப்பை நிமிர்த்தாதீங்க, உடைஞ்சிடும். அப்படியே கொண்டாங்க, தட்டு ஸ்கேனர் என்கிட்ட இருக்கு.